பிளெக்ஸில் முடிவான படிப்பு

நான் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன் என்பது, தேனி அல்லிநகரம் முக்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் தலைக்கு மேலே நான் தொங்கிக்கொண்டிருந்தேன். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய பட்டம். முதல் வருடத்துக்கே இன்னும் கால் வைக்காதவளுக்குப் பட்டம் கொடுத்து அனுப்பியிருந்தார் என் தாய்மாமன். பள்ளி அடையாள அட்டையிலிருந்து என் முகத்தை வெட்டி எடுத்து, மாவில் புரட்டியது போல வெளுப்பாக்கி, யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் தூண் வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடம்கூட இல்லை. பக்கத்தில் கூலிங்கிளாஸும் காதில் செல்போனுமாக மாமா, என்னைப் போல இரண்டு மடங்கு உயரத்தில். "உயர்கல்விச் சிகரத்தில் அடியெடுத்து வைக்கும் எங்கள் குலவிளக்கே, வருக வருக" என்று கீழே எழுதியிருந்தது. சிகரத்துக்குப் போகிறவளை எங்கே வருக வருக என்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு காரியம் நடந்தது என்பதற்கு அத்தாட்சி பிளெக்ஸ்தான். காது குத்தினால் பிளெக்ஸ், சடங்கு வைத்தால் பிளெக்ஸ், கார் வாங்கினால் பிளெக்ஸ். வீரபாண்டித் திருவிழா சமயத்தில் அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், வழியெல்லாம் அம்மனுக்கு வணக்கம் சொல்லும் மீசைக்காரர்களைப் பார்த்து முடித்த பிறகுதான் கோயிலை அடைய முடியும். செத்தாலும் பிளெக்ஸ் உண்டு. அதில் செத்தவர் சின்னதாகவும், வருந்துகிறவர்கள் பெரியதாகவும் இருப்பார்கள். போர்டு ஏறிவிட்டால் ஏறியதுதான். பேசி முடித்த கல்யாணம்கூட நின்று போகும். பிளெக்ஸ் வைத்த கல்யாணம் நிற்காது. அப்படி ஒரு மானம் எங்களுக்கு.

என் படிப்பும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை, கல்லுக்கால் ஊன்றிய பந்தல், ஓரத்தில் ஒரு கிணறு. அதுதான் எங்கள் சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம். காலையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். அந்த ஜீப்பில் ஏறாமல் எங்கள் வீடு தப்பித்தது அந்தப் பந்தலால்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நான் நல்ல மார்க் எடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. அரசுக் கலந்தாய்வில் விண்ணப்பித்தால் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். அங்கே கட்டணம் அப்பாவால் தாங்கக்கூடியது. ஒரு போகம் திராட்சை சரியாகப் போனால் வருடக் கணக்கு முடிந்துவிடும்.

இதைக் கேட்டவர்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. முகத்தைச் சுளித்தார்கள். "கவர்மெண்டா? அங்கனயா போடப் போறீக?" என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். இவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் கவர்மெண்ட் வேலைதான் வேண்டும். வி.ஏ.ஓ. ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைக்கிறவன் என்றாலும் கவர்மெண்ட் என்றால் வாசலில் ஆரத்தி. ஆனால் படிக்கிற இடம் மட்டும் பிரைவேட்டாக இருக்க வேண்டும். காசு கம்மி என்றால் சரக்கு மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிற மூளை இது. கலந்தாய்வில் அந்த இடத்துக்கு எத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று நான் விளக்கப் போனால், பாவம் பிள்ளை, மனசைத் தேற்றிக்கொள்கிறது என்பது போலப் பார்ப்பார்கள்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். தேனியில் டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கழுத்தில் கனமான சங்கிலி. சட்டையின் மேல் பட்டன் இரண்டும் அதற்காகவே எப்போதும் திறந்திருக்கும். என்னை மடியில் வைத்துக் காது குத்தியவர். அந்த ஒரு உரிமையை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் என் தலைமுடி, துணி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவரே தீர்ப்பு சொல்லிவந்தார். அம்மா அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டாள். முன்பு ஒருமுறை ஏதோ விசேஷத்தில் மரியாதை குறைந்துவிட்டது என்று மாமா எங்களோடு பேச்சை நிறுத்தினார். யார் மாலையை யார் முதலில் போடுவது என்ற அளவில் ஒரு சண்டை. அந்த வருடம் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

மாமா கடைக்கு எதிரே ஒரு சிமெண்ட் கடை. அந்தச் சிமெண்ட் கடைக்காரர் தன் மகளை முந்தின வருடம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்திருந்தார். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒன்றுதான். அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாமாவுக்கு இருப்பது ஒரு மகன். அவன் பிளஸ் டூவைத் தாண்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். ஆகவே கைக்கு அகப்பட்டவள் நான்.

"ஆத்தா, நீ நாஞ் சொல்ற எடத்துல படி. ஒனக்கு அட்வான்ஸ் கட்டுறது மாமா பொறுப்பு" என்றார். மிச்சம் கட்டுவது யார் பொறுப்பு என்பதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாமாம்.

எங்கள் ஆட்கள் எதையும் தனியாகப் போய்ப் பார்க்கமாட்டார்கள். காலேஜ் பார்க்கவும் பொண்ணு பார்க்கப் போவது போலத்தான் போனோம். மாமா, அத்தை, அப்பா, அம்மா, நான். மாமா காரில், தூக்குச் சட்டியில் புளியோதரையும் ஒரு பையில் வீட்டுத் திராட்சையுமாக. அத்தை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கேட்டைப் பார்த்ததும் மாமா காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். கேட் அவ்வளவு பெரிது. கோயில் கோபுரம் முன்னால் நிற்பது போல அண்ணாந்து நின்றார். படிக்க வருகிறவர்கள் நடந்துதானே வருவார்கள், யானையிலா வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே ஏசி. கோட் போட்ட ஒரு பெண் வந்து அப்பாவை "சார்" என்றாள். வியாபாரிகள் "என்ன பெரியவரே" என்று கூப்பிட்டுப் பழகிய அப்பா, பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். காபி வந்தது. அப்பா அந்தச் சின்னக் கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறுகிற வரைக்கும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமா மட்டும் வீட்டில் இருப்பது போல உலாவினார். தரையில் குந்தி உட்கார்ந்து டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "விட்ரிஃபைடு. டபுள் சார்ஜு. நம்ம கடையிலேயே இந்தச் சரக்கு ஆர்டர் போட்டாத்தான் வரும்" என்றார். பிறகு கழிப்பறைக்குப் போனவர் முகமெல்லாம் பிரகாசமாக வெளியே வந்தார்.

"மாப்ள, ஒரு எட்டு உள்ள போயிப் பாருங்க. அம்புட்டும் செவுத்துல மாட்டுன கம்மோடு. கைய நீட்டுனா தண்ணி வருது."

அப்பா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வேறு வழியில்லை. என் நான்கு வருடப் படிப்புக்காக அப்பா முறையாக ஆராய்ந்து பார்த்தது ஒரு கக்கூஸை.

கோட் போட்ட பெண் எங்களை ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். வரிசையாகக் கருவிகள். எல்லாவற்றின் மேலும் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. திரைமேல் ஒட்டியிருந்த தாளைக்கூடக் கிழிக்கவில்லை.

"இதுல பசங்க வேலை செய்வாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இது ஷோகேஸ் லேப்மா. விசிட்டர்ஸுக்காக மெயின்டெயின் பண்றோம்" என்றாள், வெட்கமே இல்லாமல்.

பசங்க வேலை செய்கிற லேப் எங்கே என்றேன். அங்கே இப்போது தேர்வு நடக்கிறது, போக முடியாது என்றாள். பாடம் எடுக்கிறவர்கள் யார் என்று கேட்டேன். எங்களுடைய மாணவர்கள் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் தெரியுமா என்று ஒரு சுவரைக் காட்டினாள். சுவர் முழுக்க சிரிக்கிற முகங்கள். இங்கேயும் பிளெக்ஸ்தான், கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் மார்க்குக்கு விசேஷ ஸ்காலர்ஷிப் உண்டு என்றும் சொன்னாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் விசேஷ ஸ்காலர்ஷிப். அவன் கணக்கில் பெயிலாகித் திரும்ப எழுதினவன் என்று அவன் அம்மாவே அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தரையில எலையில்லாமச் சாப்பிடலாம் போல" என்றார் மாமா, காரில் ஏறும்போது.

"படிக்கலாமா மாமா?" என்றேன்.

"அதெல்லாம் நம்ம படிக்கிறதுல இருக்கு ஆத்தா." அப்படியானால் கேட்டுக்கு எதற்குக் காசு என்று நான் கேட்கவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளிவிட்டாள்.

மாமா சொன்னபடி அட்வான்ஸ் கட்டினார். அதைக் குறை சொல்லமாட்டேன். தன் கைக்காசைப் போட்டு, ரசீது கூடக் கேட்காமல் கட்டினார். மிச்சத்துக்கு அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். தேனியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ரோட்டோரத் தோட்டங்களை வாங்கிப் பிளாட் போட்டு விற்கிறார்.

"திராட்சையில என்ன மிஞ்சுது மாப்ள? ஒரு மழைக்குக் கொல வெடிச்சுப் போகுது, ஒரு பனிக்கு எல கருகுது. புள்ள படிச்சு வந்தா இதப்போல நாலு தோட்டம் வாங்குமே. குடுத்துட்டுப் போங்க."

அப்பா, "பாக்கலாம் மச்சான்" என்றார்.

"என்னத்தப் பாக்கலாம்? அவுக வர்ற வாரமே எடத்தப் பாக்க வாராக."

வந்தார்கள். பந்தலுக்குக் கீழே ஷூ காலோடு நடந்தார்கள். ஒருவன் ஒரு குலையைப் பறித்து, கழுவாமல் தின்றுகொண்டே, முப்பதடி ரோடு எங்கே விடலாம் என்று கையை நீட்டிக் காட்டினான். கிணற்றை மூடிவிட்டால் கார்னர் பிளாட் ஒன்று கூடுதலாகக் கிடைக்குமாம். அப்பா கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரியை மடியில் செருகிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார். எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம், மாமா மேல்கூட வரவில்லை. வியாபாரி வந்து விலையைக் குறைத்தால் வரப்பிலேயே நின்று மல்லுக்கு நிற்கிறவர், தோட்டமே போகும்போது வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். ஆகவே பத்திரம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. தோட்டத்தை விற்பது நல்ல காரியமாம். எனக்கு அந்த மூடத்தனத்தால் ஒரு மாதம் கிடைத்தது.

அந்த மாதத்தில்தான் கலந்தாய்வு. சும்மா பதிந்து வைக்கிறேன் என்று சொல்லி முன்பே பதிந்திருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் முதலாவதாகக் கேட்டிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில், நான் கேட்ட எலக்ட்ரானிக்ஸே கிடைத்தது. கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பார்த்ததும் என் பதிவு எண்தானா என்று திரும்ப ஒருமுறை சரிபார்த்தேன். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். அதற்கு அப்பாவின் செல்போனுக்கு வருகிற எண் வேண்டும். தாளை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாமா பிளெக்ஸ் வைத்தது அதற்கு முந்தின நாள். அல்லிநகரத்தில் ஒன்று, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒன்று. எங்கள் ஊர் டீக்கடையில் ஆட்கள் டீ கிளாஸோடு எழுந்து வந்து நின்று பார்த்தார்கள்.

அப்பா தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். கட்டணம் போட்டிருந்த வரியைத் திரும்பப் படித்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"போர்டு வச்சாச்சே தாயி" என்றார் அப்பா.

"வச்சா?"

"ஊரே பாத்துருச்சு. இனிமே மாத்துனா ஒங்க மாமா கடையில எப்படி ஒக்காருவாக? எதிர்க்கடைக்காரன் சிரிக்க மாட்டானா?"

"அதுக்காகத் தோட்டத்த விப்பீகளா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு மனுஷனின் மண், ஒரு பெண்ணின் படிப்பு, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் துணி தீர்மானித்துவிட்டது. அதுவும் என் கழுத்தே இல்லாத படம் போட்ட துணி. நான் அன்றைக்கு அழுதேன், துக்கத்தால் இல்லை. இவ்வளவு அற்பமான ஆட்களுக்கு நடுவே பிறந்து தொலைத்தேனே என்ற எரிச்சலில் அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆட்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது, தாளில் காட்டினாலும் ஏறாது. பிளெக்ஸில் இருந்தால்தான் உண்மை. சரி, பிளெக்ஸிலேயே காட்டுவோம்.

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் அவளே வடிவமைப்பாள். போர்டு கட்ட அவளிடம் ஆட்கள் உண்டு. பள்ளியில் மார்க்குக்காகக் கொடுத்த பரிசுப் பணத்தை எடுத்துக்கொண்டு மத்தியானமே போனேன். மாமாவின் படத்துக்குப் பஞ்சமில்லை. தினமும் காலையில் தன் படத்தைப் போட்டு "இனிய காலை வணக்கம்" என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறவர் அவர். அம்மாவின் போனில் ஒரு வருடத்து மாமா இருந்தார். அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன எழுதணும் பாப்பா?" என்றாள் அக்கா.

சொன்னேன். அரசுப் பல்கலைக்கழகத்தில், காசுக்கு இல்லாமல், மார்க்குக்காகவே இடம் பிடித்த மாணவியை வாழ்த்துகிறோம். அதற்கு வழிகாட்டிய தாய்மாமனுக்கு ஊர்ப் பொதுமக்கள் நன்றி. என் படம் சின்னதாக, அங்கி தொப்பி எதுவும் இல்லாமல், சடையோடு. மாமா படம் என்னைப்போல மூன்று மடங்கு. முதல் போர்டைவிட இது அகலமாக இருக்க வேண்டும். ஒன்று தேனியில் மாமா கடைக்கும் சிமெண்ட் கடைக்கும் தெரிகிற மாதிரி, இன்னொன்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில், விடிவதற்குள்.

"ஊர்ப் பொதுமக்கள்னு போடலாமா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தானே அக்கா போடுறாக?"

அவள் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். வேறு ஏதாவது ஆளுடைய முகம் என்றால் கேள்வி வரும். மாமாவின் முகத்தைக் கம்பத்திலிருந்து தேனி வரை எந்தக் கம்பத்திலும் யாரும் கேள்வி கேட்டது கிடையாது.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கே மலைப்பாக இருந்தது. மாமா நான் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தார். நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது படம். கழுத்துச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியும் தெரிகிற மாதிரி மின்னியது. தலைக்குப் பின்னால் சூரியன் உதித்தது. பெயருக்கு மேலே, நான் எழுதிக் கொடுக்காத இரண்டு வார்த்தை: கல்வி வள்ளல். அந்த அக்கா தொழில் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். மூலையில் தபால்தலை அளவுக்கு நான் இருந்தேன். பழைய போர்டு இதன் பின்னால் மறைந்து, அந்தச் சதுரத் தொப்பியின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

மாமாவின் கார் பத்து மணிவாக்கில் வீட்டு வாசலுக்கு வந்தது. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. நான் கதவை ஒட்டி நின்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் அப்பா காலில் விழுந்தாவது அந்த எண்ணை வாங்கிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா இறங்கினார். முகத்தில் கோபம் இல்லை. பெண் வீட்டார் முன் மாப்பிள்ளைக்கு வரும் வெட்கம் போல ஒன்று இருந்தது.

"அந்தப் போட்டோ எங்கன எடுத்தது? செயினு நல்லாத் தெரியுதே" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து தொடர்ந்தார். காலையிலிருந்து போன் ஓயவில்லையாம். வர்த்தகர் சங்கத் தலைவர் கூப்பிட்டாராம். எல்லாவற்றுக்கும் மேலே, சிமெண்ட் கடைக்காரர் ரோட்டைத் தாண்டித் தாமாகவே கடைக்கு வந்தாராம்.

"வந்து என்ன சொன்னாக தெரியுமா மாப்ள? 'எம்மகளுக்கு நான் காசக் கொட்டிக் கட்டுனேன். ஒங்க மருமக மெரிட்டுல வாங்கிருச்சே'ன்னு சொல்றாக. மூஞ்சி செத்துப்போச்சு அவுகளுக்கு." மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, மெரிட்டுல கெடைக்கிறப்ப எதுக்குத் தோட்டத்த விக்கணும்னு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். இவர் இதற்காவது ஏதாவது சொல்வாரா என்று பார்த்தேன்.

"ஆமா மச்சான். நீங்க சொன்னீக" என்றார் அப்பா.

அம்மா காபி போட உள்ளே போனாள். அவள் நடையே மாறிவிட்டது. அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ச் சம்மதம் என்று அழுத்தினோம். மாமா கட்டிய அட்வான்ஸைத் தனியார் பல்கலைக்கழகம் திருப்பித் தரவில்லை. கோட் போட்ட பெண் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லையாம். மாமா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. சூரியன் உதித்த படத்துக்கு அது சரியாகப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. விடுதியில் என் கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி, போட்டால் சத்தம் போடும், காற்று வராது. ஒரு பேராசிரியர் சிலைடைப் பார்த்துப் படிப்பார். நாங்கள் அவரைப் பார்த்துத் தூங்குவோம். ஆனால் ஆய்வகத்தில் இருந்த கருவிகளில் பிளாஸ்டிக் உறை இல்லை. முன்னால் படித்தவர்களின் விரல் அழுக்கு இருந்தது. எத்தனை பேர் திருகித் திருகிக் குமிழ் தேய்ந்திருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்று நான் வேலை பார்க்கிற இடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அந்தப் பெரிய கேட் வழியாக வந்தவள். கெட்டிக்காரிதான். அவள் அப்பா இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். நாற்காலி இரண்டும் ஒரே மாதிரி.

விடுதிக்குக் கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட் அளவு போட்டோ தேவைப்பட்டது. அதே பிளெக்ஸ் கடைக்குத்தான் போனேன். அக்கா என்னை உட்காரவைத்து, முகவாயை நிமிர்த்திப் படம் எடுத்தாள்.

"போர்டு பிரமாதமா அமைஞ்சது அக்கா. நீங்க கூடச் சேத்தது எல்லாம் நல்லா இருந்துச்சு. கல்வி வள்ளல்னு போட்டீகளே" என்றேன்.

"நான் எங்க போட்டேன்? உங்கப்பாதான் போடச் சொன்னாக."

எனக்குப் புரியவில்லை. பொம்பளப் பிள்ளை தனியாக வந்து ஆர்டர் கொடுக்கிறதே என்று அன்றைக்கே, பில்லில் நான் எழுதிக்கொடுத்த நம்பருக்கு, அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாளாம். தோட்டத்திலிருந்து அப்படியே வந்தாராம் அப்பா, கையில் மண்ணோடு. திரையில் இருந்த படத்தை நின்று பார்த்தாராம்.

"திட்டப்போறாகன்னுதான் நெனச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'மச்சான் படம் பத்தாதும்மா, இன்னும் பெருசாக்குங்க. சங்கிலி தெரியணும்'னு சொன்னாக. அப்புறம் சூரியன் வைக்கச் சொன்னாக. புள்ளைகிட்ட நான் வந்ததச் சொல்ல வேணாம்னாக. நீ இப்பக் கெளம்பப் போறியேன்னு சொல்றேன்."

போட்டோவைக்கூட வாங்காமல் பஸ் ஏறினேன். அப்பா பந்தலுக்கடியில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். கீழே வெட்டிய கொடிகள் குவிந்து கிடந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, வேணாம் மச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு என்னைய அப்படி அழவிட்டீக?"

அப்பா கத்தரியை நிறுத்தவில்லை. ஒரு கொடியை வெட்டிக் கீழே போட்டார்.

"சொல்லியிருந்தா ஒங்க மாமா மறுபடியும் பேச்ச நிறுத்தியிருப்பாக" என்றார். "அப்புறம் பொங்கலுக்கு ஒங்கம்மா யாரு வண்டிய எட்டிப் பாப்பா?"